அணிக்குள் பிளே பகிரும் மொபைல் ஆப் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளே, அதாவது களத்தில் யார் எங்கே எப்போது நகர வேண்டும் என்ற திட்டம், வரைந்து அணிக்கு அனுப்ப ஓர் ஆப் வேண்டும் என்று வரும் பயிற்சியாளர்களும், அதைச் செய்து தரப்போகும் டெவலப்பர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒருமுறை சொன்னதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. வாட்ஸ்அப் குரூப்ல போர்டை போட்டோ எடுத்துப் போட்டா போதாதா? தனியா ஆப் எதுக்கு?

மொத்தமே மூன்று நான்கு பிளே வைத்திருக்கும் அணிக்கு அதுவே போதும். பிளேக்கள் கூடும்போதுதான் சிக்கல். போர்டில் ஐந்து அம்புக்குறி இருந்தால் எது முதலில் கிளம்புகிறது, பாஸ் போவதற்கு முன் ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது) வைக்க வேண்டுமா பின்பா என்பதை ஒரு நிலைப்படம் சொல்லாது. வரைந்தவருக்கு அது மனப்பாடம். பார்ப்பவர் ஊகிக்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல், குரூப்பில் போட்டது அப்படியே மேலே போய்விடும். போன மாதத்துப் பிளேயைத் தேடி வாழ்த்துகளையும் பஸ் கிளம்பும் நேரத்தையும் தாண்டி விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கிடைத்தாலும் அது திருத்தியதா, திருத்துவதற்கு முந்தையதா என்று தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே தனி ஆப்பின் முதல் வேலை (கேள்வி 15).

2. யாரை மனசுல வச்சு டிசைன் பண்ணணும்? கோச்சையா, பிளேயரையா?

பிளேயரை. மற்ற எல்லாப் பதில்களுக்கும் அடித்தளம் இதுதான். ஆப் வேண்டும் என்று கேட்டு வருபவர் பயிற்சியாளர், பணம் கொடுப்பவரும் அவரே. அதனால் உழைப்பு முழுக்க வரைபலகைக்குப் போய்விடுகிறது: பலவகைக் கோடுகள், நிறங்கள், லேயர்கள். ஆனால் ஒரு பிளேயை ஒருவர் ஒருமுறைதான் வரைகிறார். அணி முழுவதும் அதைப் பலமுறை பார்க்கிறது, அதுவும் பயிற்சிக்குப் போகும் வழியில், ஷூ கட்டும்போது, சில நொடிகள்தான்.

அந்தச் சில நொடிகளில் வீரருக்குத் தெரிய வேண்டியது: நான் எங்கே நிற்கிறேன், எதைப் பார்த்துக் கிளம்புகிறேன், எங்கே போய் முடிக்கிறேன். ஆகவே பிளே திறந்ததும் அவருடைய குறி மட்டும் அழுத்தமான நிறத்திலும் மற்றவர்கள் மங்கலாகவும் தெரியட்டும். அதற்குக் கீழே ஒரே வரி: "4-ஆம் எண் வீரர் ஸ்கிரீன் வைத்து நின்றதும் வலது மூலைக்கு ஓடு." இதுதான் "என் வேலை" பார்வை. முழு அணியின் பார்வை ஒரு தட்டில் வரட்டும்.

இதில் பலரும் விட்டுவிடுவது "எதைப் பார்த்து" என்பதை. களத்தில் யாரும் கடிகாரம் பார்த்துக் கிளம்புவதில்லை, இன்னொருவர் செய்வதைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். ஆகவே ஒவ்வொரு அம்புக்குறியுடனும் அது எதற்குப் பிறகு தொடங்குகிறது என்ற குறிப்பு சேர்ந்தே இருக்க வேண்டும். பயிற்சியாளர் அதை நிரப்பாமல் விட்டால், பகிரும் பட்டனை அழுத்தும்போது ஆப்பே ஒருமுறை கேட்கட்டும்.

3. முதல் வெர்ஷன்ல குறைஞ்சபட்சம் என்ன இருக்கணும்?

ஒரு விளையாட்டின் மைதானம், வீரர்களை இழுத்து வைக்கும் வசதி, ஓட்டம், பாஸ், ஸ்கிரீன் ஆகியவற்றுக்கான கோடுகள், படிப்படியாக முன்னும் பின்னும் போகும் பட்டன், அணிக்குப் பகிர்தல், நெட் இல்லாமல் பார்த்தல், கேள்வி 2-இல் சொன்ன "என் வேலை" பார்வை. அரட்டை, வருகைப்பதிவு, ஸ்கோர் எதுவும் வேண்டாம். அரட்டைக்கு அணியில் ஏற்கெனவே ஒரு குரூப் இருக்கும். அதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, ஜெயிக்கத் தேவையும் இல்லை.

4. ஒரே ஆப்ல எல்லா விளையாட்டையும் கொண்டு வந்துடலாமா? மைதானப் படத்தை மட்டும் மாத்தினா போதுமே?

படத்தை மாற்றுவது எளிது. ஃபிபா கூடைப்பந்துக் களம் 28 × 15 மீட்டர், வாலிபால் 18 × 9, ஆண்கள் கபடி 13 × 10, பெண்கள் கபடி 12 × 8. இவற்றை நிரலுக்குள் பதித்து வைக்காமல் தரவாக வைத்துக்கொண்டால் புதுக் களம் சேர்ப்பது சின்ன வேலை.

மாறுவது பிளே என்பதன் தன்மையே. கூடைப்பந்திலும் அமெரிக்கன் ஃபுட்பாலிலும் அது முன்கூட்டியே எழுதிய நகர்வுகளின் வரிசை. வாலிபாலில் அணி ஆறு சுழற்சி நிலைகளில் நிற்கிறது, ஒரே தாக்குதலை ஆறு விதமாகக் காட்ட வேண்டியிருக்கும். கபடியில் தடுப்பாட்டக்காரர்கள் ரைடருக்கு எதிர்வினை செய்கிறார்கள். 30 நொடி ரைடில் அவர் போனஸ் கோட்டுக்குப் போனால் ஒன்று, மூலையில் கால் நீட்டினால் வேறொன்று. ஒரே கோடாக ஓடும் பிளே அங்கே உதவாது, கிளை பிரிய வேண்டும். கிரிக்கெட்டில் நகர்வே குறைவு, ஃபீல்டு செட்டிங்தான் எல்லாம். டி20-இல் முதல் ஆறு ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது போன்ற விதிகளை ஆப்பே சரிபார்த்துச் சொன்னால் கேப்டனுக்குப் பெரிய உதவி.

ஒரு விளையாட்டில் தொடங்குங்கள். அதை ஆடுபவர்கள் தினமும் திறக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம்.

5. கோடுகளுக்கு நாங்களே குறியீடு வச்சுக்கலாமா, இல்ல பொது முறை இருக்கா?

கூடைப்பந்தில் நன்றாக வேரூன்றிய முறை உண்டு. இடைவெளியில்லாத கோடு ஓட்டம், விட்டுவிட்டு வரும் கோடு பாஸ், வளைந்து நெளியும் கோடு டிரிபிள் (பந்தைத் தட்டிக்கொண்டே போவது), நுனியில் குறுக்குக்கட்டை வைத்த கோடு ஸ்கிரீன். தாக்கும் அணிக்கு 1 முதல் 5 வரை எண்கள், தடுப்பவர்களுக்கு பெருக்கல் குறி. இதை மாற்றாதீர்கள். வீரர்கள் வேறு பயிற்சியாளர்களிடமும் பயிற்சிக் குறிப்புகளிலும் பார்த்துப் பழகியது இதைத்தான். கால்பந்தில் இந்த அளவுக்கு ஒருமித்த முறை இல்லை. அங்கே மைதானத்தின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கப் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

6. விரலால வரைஞ்சா கோடு நடுங்கிக்கிட்டே வருது. எப்படிச் சரி பண்றது?

விரல் போன பாதையில் பதிவாகும் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் தேவையற்றவற்றைக் களைய ராமர்–டக்ளஸ்–பாய்க்கர் என்ற பழைய வழிமுறை இருக்கிறது. மிஞ்சும் சில புள்ளிகளின் வழியே கேட்மல்–ரோம் வளைவு போட்டால் கோடு வழவழவென்று வரும்.

ஆனால் கையால் வரையவே விடாதிருப்பது இன்னும் நல்லது என்பது என் கருத்து. வீரரைப் பிடித்து இழுத்து, போய்ச் சேரும் இடத்தில் விடட்டும். கோட்டை ஆப் தானே போடும். நடுவில் ஒரு பிடி இருந்தால் அதை இழுத்து வளைக்கலாம். இப்படி வரைந்த பிளே பயிற்சியாளருக்கும் வேகம், வீரருக்கும் தெளிவு. டிரிபிள் கோட்டின் நெளிவும் தானாகவே வர வேண்டும், யாரும் கையால் நெளிக்கத் தேவையில்லை.

7. அனிமேஷன் கட்டாயம் வேணுமா? படிப்படியா படம் காட்டினா போதாதா?

இரண்டில் ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியும் என்றால் படிகளைச் செய்யுங்கள். வீரர் தன் வேகத்தில் ஒவ்வொரு படியாகத் தள்ளிப் பார்க்கலாம், புரியாத இடத்தில் நிற்கலாம். ஓடும் அனிமேஷனில் ஐந்து பேர் ஒரே சமயம் நகர்கிறார்கள், கண் பந்தைத்தான் தொடரும். தன் பாத்திரம் கடந்து போனதே தெரியாது.

படிகள் சரியாக இருந்தால் அனிமேஷன் கூடுதல் வேலை இல்லை, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைப்பட்ட இடங்களைக் கணக்கிட்டால் போதும். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒன்றுக்குச் சுமார் 16.7 மில்லிநொடி. பத்துப் பதினைந்து குறிகளை நகர்த்த எந்தச் சாதாரண போனுக்கும் அது தாராளம். அரை வேகம் கட்டாயம் இருக்கட்டும். ஒரே படியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சென்று சேர்வதாகக் காட்டாதீர்கள். நீண்ட தூரம் ஓடுபவர் தாமதமாகத்தான் வருவார். அதைக் காட்டாத அனிமேஷனை நம்பிப் பழகினால் களத்தில் பாஸ் யாரும் இல்லாத இடத்துக்குப் போகும்.

8. பிளேயை வீடியோவா சேமிக்கணுமா, படமாவா?

இரண்டும் வேண்டாம், எண்களாகச் சேமியுங்கள். பத்து வீரர்கள், ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆயத்தொலைவுகள். மொத்தம் 120 எண்கள். கோடுகள், குறிப்புகள் எல்லாம் சேர்த்தாலும் சில கிலோபைட்தான். அதையே பதினைந்து நொடி வீடியோவாக்கினால் சாதாரணமாகச் சில மெகாபைட் ஆகிவிடும், பிறகு திருத்தவும் முடியாது. ஆப் இல்லாதவருக்கு அனுப்ப வேண்டுமானால் அப்போது மட்டும் வீடியோவாக மாற்றிக் கொடுங்கள்.

9. ஆயத்தொலைவை பிக்சல்லயா, சதவீதத்துலயா வைக்கணும்?

மீட்டரில். பிக்சல் போனுக்குப் போன் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். சதவீதம் பாதுகாப்பானது போலத் தெரியும், ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கால்பந்து மைதானத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரை இருக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. பெனால்டி பகுதியோ எங்கும் கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர்தான். 105 மீட்டர் மைதானத்தில் கோல் கோட்டிலிருந்து 16 மீட்டரில், பெட்டிக்குள் ஒரு வீரரை வைக்கிறீர்கள். சதவீதமாகச் சேமித்து அதே பிளேயை 120 மீட்டர் மைதானத்தில் திறந்தால் அவர் 18.3 மீட்டரில், பெட்டிக்கு வெளியே நிற்பார்.

கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு ஃபிபாவில் 6.75 மீட்டர், அமெரிக்காவின் என்பிஏ லீகில் மேல்வளைவில் 7.24 மீட்டர். அங்கே மீட்டர்கூடப் போதாது, "கோட்டுக்கு ஓர் அடி வெளியே" என்று களத்தின் ஓர் அடையாளத்தோடு சேர்த்துக் கட்டுவது நல்லது.

10. வலது பக்கம் வரைஞ்சதை இடது பக்கம் அப்படியே திருப்பிக்கலாமா?

கட்டாயம் வைக்க வேண்டிய வசதி, பயிற்சியாளரின் வேலையைப் பாதியாக்கிவிடும். திருப்பும்போது இடங்கள் மட்டும் திரும்ப வேண்டும், எண்களும் எழுத்துகளும் கண்ணாடி பிம்பமாகிவிடக் கூடாது. "வலது மூலைக்கு ஓடு" என்ற குறிப்பும் "இடது மூலைக்கு" என்று மாற வேண்டும். இதற்காகவே திசைச் சொற்களைச் சாதாரண வாசகமாக விடாமல் தனிக் குறிச்சொல்லாக வைத்திருங்கள்.

திருப்பியது அப்படியே ஆடக்கூடியதா என்பது வேறு கேள்வி. ஹாக்கியில் இடது கை மட்டை கிடையாது, மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் ஆட வேண்டும். வலப்பக்கம் இயல்பாக வரும் பாஸ் இடப்பக்கம் மட்டையைத் திருப்பி ஆடும் ரிவர்ஸ் ஸ்டிக்காக மாறிவிடலாம். கிரிக்கெட்டில் இடது கை பேட்ஸ்மேனுக்கு ஃபீல்டைத் திருப்பினாலும் பந்து வீச்சாளரின் கோணம் திரும்பாது. ஆகவே திருப்பிய பிளேயை நேரே பகிராமல் வரைவாக வைத்து, பயிற்சியாளர் ஒருமுறை பார்த்த பின் வெளியிடும்படி செய்யுங்கள்.

11. 22 பேரை போன் ஸ்கிரீன்ல வச்சா ஒருத்தரைத் தொட்டா இன்னொருத்தர் நகர்றார். என்ன செய்ய?

கணக்கைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் திரையின் அகலம் சுமார் 360 டிபி (பிக்சல் அடர்த்தியைச் சாராத ஆண்ட்ராய்டு அளவு). 68 மீட்டர் அகல மைதானத்தை அதற்குள் அடக்கினால் ஒரு மீட்டருக்கு 5.3 டிபி. ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் குறைந்தபட்சத் தொடு பரப்பு 48 டிபி, ஆப்பிளுக்கு 44 பாயின்ட். 48 டிபி என்பது அந்த மைதானத்தில் ஒன்பது மீட்டர்! நான்கு பின்கள வீரர்களும் நெருங்கி நின்றால் தொடு பரப்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். கூடைப்பந்துக் களத்தின் அகலம் 15 மீட்டர்தான், அங்கே அதே 48 டிபி இரண்டு மீட்டர். இந்தச் சிக்கல் கூடைப்பந்து ஆப்களில் தெரியாமல், அதையே கால்பந்துக்கு மாற்றும்போது வெடிப்பது இதனால்தான்.

தீர்வாக, கண்ணுக்குத் தெரியும் வட்டத்தைச் சிறிதாக வைத்துக்கொண்டு, தொட்ட இடத்துக்கு மிக அருகிலுள்ள வீரரைத் தேர்ந்தெடுங்கள். இழுக்கும்போது குறி விரலுக்கு அடியில் மறையாமல் சற்று மேலே தள்ளித் தெரியட்டும். மைதானத்தின் கால் பகுதியைப் பெரிதாக்கி வரையும் வசதி வேண்டும். கார்னர் கிக் போன்ற செட் பீஸ் எல்லாம் அந்தப் பகுதிக்குள்தான் நடக்கின்றன.

12. வெயில்ல ஒண்ணுமே தெரியலைங்கறாங்க. டார்க் மோடு கொடுத்தா சரியாகுமா?

இன்னும் மோசமாகும். கரும்பின்னணி இருட்டு அறைக்கு ஏற்றது. வெயிலில் வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகள்தான் எடுபடும். புல் போன்ற பச்சையும் மரத்தளம் போன்ற படமும் போட்டு அழகுபடுத்தாதீர்கள். எழுத்துக்கு 4.5:1, கோடு, குறி போன்றவற்றுக்கு 3:1 என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் குறைந்தபட்ச ஒளிவேறுபாடு. களத்துக்கு அதைவிட அதிகமாகவே வையுங்கள்.

இரு அணிகளையும் சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறியாதவர்கள் ஒவ்வோர் அணியிலும் இருக்கக்கூடும், ஆண்களிடம் இது பெண்களைவிட அதிகம். வட்டம் ஓர் அணி, பெருக்கல் குறி இன்னோர் அணி என்று வடிவத்திலும் வேறுபாடு இருந்தால் யாரும் கேட்க வேண்டியதில்லை.

13. கிரவுண்டுல நெட் வராது. ஆப் வேலை செய்யுமா?

செய்ய வேண்டும், அதற்கேற்ப முதல் நாளிலிருந்தே கட்டுங்கள். எல்லாப் பிளேயும் போனிலுள்ள தரவுத்தளத்தில், எடுத்துக்காட்டாக எஸ்கியூலைட்டில் இருக்கட்டும். திரை எப்போதும் அங்கிருந்தே படிக்கட்டும். சர்வரோடு ஒத்திசைவது பின்னணியில் நடக்கட்டும். கேள்வி 8-இல் பார்த்த அளவுக்கு நூறு பிளே இருந்தாலும் ஒரு போட்டோ அளவுகூட வராது, ஆகவே "டவுன்லோட் செய்" என்று ஒரு பட்டன் வைப்பதே தேவையில்லை. எல்லாம் தானாக இறங்கியிருக்க வேண்டும். கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்பதை மட்டும் சின்ன எழுத்தில் காட்டுங்கள்.

14. ரெண்டு கோச்சும் ஒரே பிளேயை ஒரே நேரத்துல மாத்தினா?

கடைசியாகச் சேமித்ததே செல்லும் என்று விட்டால் ஒருவருடைய உழைப்பு சத்தமில்லாமல் அழியும். தானாக இணைக்கும் நுட்பங்கள் இருக்கின்றன. ஆனால் ஒருவர் 3-ஐயும் மற்றவர் 4-ஐயும் நகர்த்தியதை இணைத்தால், இருவருமே நினைக்காத மூன்றாவது பிளே கிடைக்கும். எழுத்தை இணைப்பதுபோல் பிளேயை இணைக்க முடியாது. இரண்டையும் இரு பிரதிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, தலைமைப் பயிற்சியாளர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

15. பிளேயை மாத்தின பிறகும் பாதிப் பேர் பழசையே ஆடறாங்க. இதுக்கு ஆப்ல வழி இருக்கா?

இருக்கிறது. வரைவு வேறு, வெளியிட்டது வேறு என்று பிரியுங்கள். பயிற்சியாளர் எத்தனை முறை திருத்தினாலும், "வெளியிடு" என்று அழுத்தும்வரை வீரர்கள் பார்ப்பது முந்தையதைத்தான். வெளியிட்டதும் பழைய பதிப்பு வீரர்களின் பட்டியலிலிருந்து மறைய வேண்டும். பயிற்சியாளரிடம் மட்டும் வரலாறாக இருக்கட்டும்.

புதியதைத் திறக்கும்போது மாறியதை முதலில் காட்டுங்கள்: பழைய பாதை மங்கிய கோடாக, புதுப் பாதை அழுத்தமாக. கேள்வி 2-இன்படி, தன் பாதை மாறாத வீரருக்கு "உன் வேலையில் மாற்றமில்லை" என்று ஒரு வரி போதும். ஒருமுறை உடம்பு பழகியதை மாற்றுவது கடினம். அதனால் போட்டிக்கு முந்தைய இரவில் வெளியிட முயன்றால் ஆப் ஓர் எச்சரிக்கை கொடுப்பது தவறில்லை.

16. பிளேயர் பிளேயைப் பார்த்தாரா இல்லையான்னு கோச்சுக்குத் தெரியணும். நோட்டிபிகேஷன் எத்தனை அனுப்பலாம்?

வெளியிட்டால் ஒன்று, போட்டி நாளில் ஒன்று. அதற்கு மேல் போனால் அணைத்துவிடுவார்கள். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிபிகேஷன் அனுப்பவே பயனரின் அனுமதி கேட்டாக வேண்டும், ஐபோனில் அது முன்பே அப்படித்தான். ஆப் திறந்த உடனே கேட்காமல், முதல் பிளேயை வீரர் பார்த்து முடித்ததும் கேளுங்கள், எதற்காகக் கேட்கிறது என்று அப்போது புரியும்.

பார்த்ததற்கான டிக் குறியை நான் பெரிதாக நம்புவதில்லை. திறந்தது தெரியும், புரிந்ததா என்று தெரியாது. அதற்குப் பதில் ஒரு சின்னப் பயிற்சி வையுங்கள். பிளே இரண்டாவது படியில் நிற்கும், வீரர் தன் குறியை அடுத்துப் போக வேண்டிய இடத்துக்கு இழுக்க வேண்டும். இரண்டு மீட்டருக்குள் வைத்தால் சரி. யார் எந்தப் படியில் தடுமாறுகிறார் என்பது பயிற்சியாளருக்கு மட்டும் தெரியட்டும், அணி முழுக்கத் தெரியும் தரவரிசைப் பட்டியல் வேண்டாம். பலர் ஒரே படியில் தடுமாறினால் அந்தப் பிளேயைத்தான் திருத்த வேண்டும்.

17. எதிரணிக்கு லீக் ஆகிட்டா? ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியாதா?

ஆண்ட்ராய்டில் ஆப்பின் திரையைப் பாதுகாக்கப்பட்டதாகக் குறித்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. ஐபோனில் எடுத்தது தெரியவரும், தடுக்க நேரடி வழி இல்லை. இன்னொரு போனால் திரையைப் படம் எடுப்பதை எதுவும் தடுக்காது. ஆகவே முழுப் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்யாதீர்கள். திரையின் ஓரத்தில் பார்ப்பவரின் பெயரை மங்கலாகப் பதிப்பது ஓரளவு தயக்கத்தை உண்டாக்கும்.

நடைமுறையில் அதிகம் கசிவது வேறு வழியில். அணியை விட்டுப் போனவரின் கணக்கை நீக்க மறந்துவிடுவார்கள், அல்லது சேரும் லிங்க் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். சேரும் லிங்க்குக்கு ஆயுள் வையுங்கள், பயிற்சியாளர் ஒப்புதல் கொடுத்த பிறகே உள்ளே விடுங்கள். ஒருவரை நீக்கியதும் அடுத்த ஒத்திசைவில் அவர் போனில் இருக்கும் பிரதிகளும் அழிய வேண்டும். நெட்டையே அணைத்து வைத்திருப்பவருக்காக, குறிப்பிட்ட காலம் ஒத்திசையாவிட்டால் பிளேக்கள் பூட்டிக்கொள்ளட்டும். அந்தக் காலம் இரண்டு வாரமாவது இருக்கட்டும், இல்லையென்றால் கேள்வி 13-இல் சொன்ன நன்மை போய்விடும்.

18. எங்க டீம்ல எல்லாம் சின்னப் பசங்க. வேற என்ன கவனிக்கணும்?

குறைவாகக் கேளுங்கள். பிளே பார்க்க ஒரு பெயரும் ஜெர்சி எண்ணும் போதும். பிறந்த தேதி, போட்டோ, இருப்பிடம் எதுவும் தேவையில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டமான காப்பா 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர். கடுமையான விதிக்கு ஏற்பக் கட்டிவிட்டால் மற்றவை அதற்குள் அடங்கும்.

ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியை வைக்கவே கூடாது. கேள்வி 3-இல் அரட்டை வேண்டாம் என்றதற்கு இது இன்னொரு காரணம், முதன்மையான காரணமும் இதுவே.

19. மேட்ச் நடக்கும்போது பெஞ்சுல வச்சு காட்டலாமா?

விளையாட்டைப் பொறுத்தது, போட்டி அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால்பந்து விதி 4, அணி அலுவலர்கள் பயிற்சி சார்ந்த காரணத்துக்காக போன், டேப்லெட் போன்ற கையடக்கச் சாதனங்களைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. களத்தில் ஆடுபவருக்கு அந்த அனுமதி இல்லை. சர்வதேச கிரிக்கெட்டில் வீரர்களும் நடுவர்களும் இருக்கும் பகுதிக்குள் வீரர்கள் போனே வைத்திருக்கக் கூடாது, ஊழல் தடுப்பு விதி அது. அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல் 2014-இல் டேப்லெட்டை அனுமதித்தபோது நிலைப்படங்களை மட்டுமே காட்ட விட்டது.

அனுமதி உள்ள இடத்தில் நேரம்தான் எதிரி. ஃபிபா கூடைப்பந்தில் டைம்-அவுட் ஒரு நிமிடம். வீரர்கள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு மிஞ்சுவது அதில் பாதிதான். ஆகவே போட்டிப் பயன்முறை என்று தனியாக ஒன்று வேண்டும். அன்றைக்குத் தேர்ந்தெடுத்த ஏழெட்டுப் பிளே மட்டும் பெரிய கட்டங்களாக, ஒரே தட்டில் திறப்பதாக. திரை தானாக அணையக் கூடாது, அழைப்புகள் குறுக்கிடக் கூடாது, வியர்வை விரல் பட்டு எதுவும் திருத்தப்பட்டுவிடவும் கூடாது. இந்தப் பயன்முறையில் "என் வேலை" பார்வை வேண்டாம். ஐந்து பேரும் ஒரே திரையைக் குனிந்து பார்க்கிறார்கள், முழு அணியும் தெரிய வேண்டும்.

20. ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, தனித்தனியாவா?

அணியில் இரு வகை போனும் இருக்கும், ஆகவே இரண்டிலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும். சின்ன குழு என்றால் இரண்டுக்கும் பொதுவாக ஒரே நிரல் எழுதுவதுதான் நடக்கிற காரியம், ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் அதற்கான கருவிகள்தான். இந்த ஆப்பின் பெரும்பகுதி நாமே வரையும் கேன்வாஸ் என்பதால் ஃப்ளட்டர் இதற்கு நன்றாகப் பொருந்தும். உங்கள் குழுவுக்கு வேறொன்று கைவந்திருந்தால் அதிலேயே செய்யுங்கள். கேள்வி 9-இல் சொன்ன தரவு அமைப்பு சரியாக இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தரவு அமைப்பு தவறினால் எந்தத் தளமும் காப்பாற்றாது.

21. ஏஐ வச்சு பிளேயைத் தானா உருவாக்கித் தரலாமா?

புதிய பிளேக்கு எந்த அணியிலும் பஞ்சமில்லை, இருப்பதை எல்லோரும் ஒன்றுபோல் ஆடுவதில்தான் பஞ்சம். அதற்கு ஏஐ உதவ இடம் உண்டு. போர்டில் வரைந்த போட்டோவைத் திருத்தக்கூடிய பிளேயாக மாற்றலாம், பயிற்சியாளர் வாயால் சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதலாம். எதுவானாலும் வரைவாகவே வர வேண்டும், வெளியிடுவது பயிற்சியாளரின் கை.

22. டிசைன் சரியா வந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஆப்பைப் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அதுவரை பார்த்திராத பிளே ஒன்றை வீரர்கள் போனில் பத்து நொடி பார்க்கட்டும். போனை வாங்கி வைத்துவிட்டு, களத்தில் நடந்தே காட்டச் சொல்லுங்கள். அதையே போர்டு போட்டோ மட்டும் பார்த்த இன்னொரு குழுவையும் செய்யச் சொல்லுங்கள். எங்கே நின்றார்கள், யாரைப் பார்த்துக் கிளம்பினார்கள், எங்கே தயங்கினார்கள் என்று படிவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை ஐந்தாறு பேரோடு செய்தாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். தொடங்கும் இடம் தவறினால் "என் வேலை" பார்வையின் நிறத்தைப் பாருங்கள். இடம் சரியாக இருந்தும் கிளம்பும் நேரம் தவறினால் குறிப்பு வரியைத் திருத்துங்கள். இடமும் நேரமும் சரியாக இருந்து இருவர் மோதிக்கொண்டால், ஆப்பை விட்டுவிட்டுப் பயிற்சியாளரிடம் போங்கள். அந்தப் பிளேயை அவர்தான் மறுபடி வரைய வேண்டும்.